வீட்டில் வாழை வளர்ப்பதும் வகை அறிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வாழை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டுக்குள் அடங்கிவிடும். ஒன்று, "என்னிடம் இருப்பது என்ன வாழை?" என்பது, மற்றொன்று, "இது ஏன் நான் எதிர்பார்த்தபடி வளரவில்லை?" என்பது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன, ஏனெனில் வகை தெரியாமல் வளர்ப்பு முறையைச் சரியாக அமைக்க முடியாது. நன்றாக வளராத வாழை தன் வகைக்குரிய அடையாளங்களைத் தெளிவாகக் காட்டாது. வாழை தன்னை ஒரே நாளில் வெளிப்படுத்துவதில்லை. கன்றில் கொஞ்சம், தண்டில் கொஞ்சம், பூவில் பெரும்பகுதி, காயில் மீதி என்று ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு காட்டுகிறது. அதைப் பொறுமையாகப் பார்ப்பவர்களுக்காகவே கீழே உள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

வாழை மரமா, செடியா? இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

வாழை என்பது மிகப் பெரிய பூண்டுத் தாவரம். நாம் மரம் என்று நினைக்கும் தண்டில் மரக்கட்டை கிடையாது; ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றிய இலைமட்டைகளே தண்டு போல நிற்கின்றன. உண்மையான தண்டு நிலத்துக்குள் இருக்கும் கிழங்குதான். பூக்கும் பருவம் வரும்வரை வளர்நுனி அந்தக் கிழங்கின் உச்சியில், ஏறக்குறைய தரைமட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இளங்கன்றின் மேற்பகுதியை வெட்டிவிட்டாலும் சில நாட்களில் நடுவிலிருந்து குருத்து மீண்டும் எழுகிறது. பூக்கும் நேரம் வந்ததும் வளர்நுனி பூங்கொத்தாக மாறி, மட்டைகளின் நடுவே மேலேறி, உச்சியில் வெளிவருகிறது. இந்தக் கட்டத்துக்குப் பிறகு தண்டை வெட்டினால் அந்தத் தண்டிலிருந்து மறுபடி எதுவும் வராது. ஒரு தண்டு ஒரே ஒரு முறைதான் தார் ஈனும். அதன்பின் பக்கக்கன்றுகளே குடும்பத்தைத் தொடர்கின்றன.

வாழையில் எத்தனை வகைகள் உள்ளன? பெயர்களில் ஏன் இவ்வளவு குழப்பம்?

உண்ணத்தக்க வாழை வகைகள் ஆயிரத்துக்கும் மேல் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் பேணப்படும் பன்னாட்டு வாழை மரபுவளக் காப்பகத்தில் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன.

குழப்பத்தின் வேர் பழையது. 1753-இல் கார்ல் லின்னேயஸ் சமையலுக்கு உதவும் வாழைக்கு மூசா பாரடிசியாக்கா என்று பெயரிட்டார். 1759-இல் பழமாக உண்ணும் வாழைக்கு மூசா சேப்பியென்டம் என்று பெயரிட்டார். அவர் பெயரிட்ட இரண்டுமே இயற்கையான தனி இனங்கள் அல்ல, கலப்பினங்கள் என்பது பின்னால்தான் தெளிவானது. இன்று நாம் உண்ணும் வாழைகளில் மிகப் பெரும்பாலானவை மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. முதலாவதன் மரபுத்தொகுதியை (ஒரு முழுக் குரோமோசோம் தொகுப்பை) 'ஏ' என்றும் இரண்டாவதை 'பி' என்றும் குறிக்கிறார்கள். ஏஏஏ என்றால் அக்யூமினேட்டாவின் மூன்று தொகுதிகள். ஏஏபி என்றால் அக்யூமினேட்டாவின் பங்கு இரண்டு, பால்பிசியானாவின் பங்கு ஒன்று. ஏபிபி என்றால் அதன் மறுதலை. மூன்று தொகுதிகள் கொண்டவற்றில் மகரந்தமும் சூலும் சரிவர உருவாவதில்லை. அத்துடன் கருவுறாமலேயே காய் பருக்கும் இயல்பும் இருப்பதால் நாம் விதையற்ற பழத்தைப் பெறுகிறோம்.

விதை இல்லாததால் கன்று வழியாகவே வாழை பரவியது. கன்றோடு பெயர் சில இடங்களில் உடன் சென்றது, சில இடங்களில் வழியிலேயே மாறியது. ஒரே வாழைக்குப் பத்துப் பெயர்களும், ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வாழைகளும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே கன்றோடு வரும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; அதை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

இலையையும் தண்டையும் மட்டும் பார்த்து வகையைச் சொல்ல முடியுமா?

ஏஏஏ, ஏஏபி போன்ற குழுவைச் சொல்ல முடியும். வகையைச் சொல்வது பெரும்பாலும் முடியாது. ஆனாலும் பூ வரும்வரை நம்மிடம் இருப்பவை இவை மட்டுமே என்பதால், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் இலைக்காம்பின் மேற்புறத்தில் உள்ள வாய்க்காலைப் பாருங்கள். உச்சியிலிருந்து மூன்றாவது இலையின் காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். அக்யூமினேட்டாவின் பங்கு மிகுந்த வாழைகளில் வாய்க்காலின் இரு ஓரங்களும் நிமிர்ந்தோ வெளிப்புறம் விரிந்தோ இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஓரங்கள் காய்ந்த சவ்வு போன்ற சிறகாக விலகி நிற்கும். பால்பிசியானாவின் பங்கு மிகுந்தவற்றில் ஓரங்கள் உட்புறம் வளைந்து ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அடியில் சிறகு இல்லாமல் தண்டை இறுகப் பற்றியிருக்கும். இலையில் காணக்கூடிய அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

அடுத்தது தண்டின் நிறம். அக்யூமினேட்டா வழியினவற்றில் பழுப்பு அல்லது கருமைத் திட்டுகள் மிகுதியாக இருக்கும். பால்பிசியானா வழியினவற்றில் தண்டு வெளிர் பச்சையாக, திட்டுகள் அரிதாகவோ இல்லாமலோ இருக்கும். மட்டைகளின் மேலும் இலையின் அடிப்புறத்திலும் சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் படலம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆய்வகத்தில் பெருக்கப்படும் திசு வளர்ப்புக் கன்றுகளின் இளம் இலைகளில் செந்நிற அல்லது ஊதா நிறத் திட்டுகள் தோன்றுவது பல வகைகளுக்கும் பொதுவான இயல்பு. அதைப் பார்த்துவிட்டு அரிய அலங்கார வாழை கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தவர்களும், பிறகு அந்தத் திட்டுகள் மறைந்ததும் நோய் வந்துவிட்டதாகக் கவலைப்பட்டவர்களும் பலர். கன்று வளர வளர இந்தத் திட்டுகள் தாமாகவே மறைந்துவிடும். வளர்ந்த பின்பும் இலையில் செந்திட்டுகள் நிலைத்து நிற்பது செப்ரினா போன்ற சில வகைகளில் மட்டுமே.

பூ வந்த பிறகு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வகை அறிவதில் உள்ளதிலேயே செழிப்பான பகுதி இதுதான். 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், இரு காட்டு இனங்களையும் பிரித்துக் காட்டும் 15 பண்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் முறையை வகுத்தார்கள். முழுக்க அக்யூமினேட்டாவைப் போல இருந்தால் ஒவ்வொரு பண்புக்கும் 1. முழுக்க பால்பிசியானாவைப் போல இருந்தால் 5. எனவே மொத்த மதிப்பெண் 15-க்கும் 75-க்கும் இடையில் விழும். அவர்களுடைய கணக்கில் 15 முதல் 23 வரை வந்தவை தூய அக்யூமினேட்டா வழியின. 26 முதல் 46 வரை ஏஏபி. 49-ஐ ஒட்டி வந்தால் ஏபி. 59 முதல் 63 வரை ஏபிபி. மரபணுச் சோதனைகள் வந்துவிட்ட இந்நாளிலும் வீட்டில் ஒரு கத்தியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய முறை இது என்பதால் இதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அந்த 15 பண்புகளில் பெரும்பாலானவை பூவில்தான் இருக்கின்றன. பூமடல் விரிந்த பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள்: அக்யூமினேட்டாவின் மடல் வெளிப்புறமாகச் சுருண்டு உருளும், பால்பிசியானாவின் மடல் மேலே தூக்கிக்கொள்ளுமே தவிர சுருளாது. முன்னதன் மடல் ஒடுங்கிக் கூர்மையாக முடியும். பின்னதன் மடல் அகன்று, நுனி மழுங்கியிருக்கும். நிறத்தில், முன்னது வெளியே சிவப்பு, மங்கிய ஊதா அல்லது மஞ்சளாக இருக்கும். உட்புற நிறம் அடியை நோக்கிச் செல்லச் செல்ல வெளிறிவிடும். பின்னது வெளியே பழுப்பு கலந்த ஊதாவாகவும் உள்ளே அடிவரை ஒரே சீரான செக்கச்சிவப்பாகவும் இருக்கும். மடல் உதிர்ந்த இடத்தில் காம்பின்மேல் தழும்பு புடைத்துத் தெரிந்தால் அது அக்யூமினேட்டாவின் பங்கைக் காட்டும்.

பிறகு ஆண் பூவை எடுத்துப் பாருங்கள். பாலேடு போன்ற வெண்மை அக்யூமினேட்டாவுக்கு உரியது, இளஞ்சிவப்புச் சாயல் பால்பிசியானாவுக்கு உரியது. தாரின் காம்பைத் தடவிப் பாருங்கள். மென்மயிர் இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்பது கையிலேயே தெரிந்துவிடும். மயிர் இருப்பது அக்யூமினேட்டாவின் தன்மை. கடைசியாக இளம் பிஞ்சு ஒன்றை நெடுக்காகப் பிளந்து சூல்களின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒழுங்கான இரண்டு வரிசை இருந்தால் அக்யூமினேட்டா. ஒழுங்கற்ற நான்கு வரிசை இருந்தால் பால்பிசியானா. ஒரு பிஞ்சை இழப்பதற்கு மனம் வராதவர்களிடம் நான் சொல்வது, தாரின் கடைசிச் சீப்பில் எப்படியும் சிறுத்துப்போகும் ஒரு பிஞ்சைப் பயன்படுத்துங்கள் என்பதுதான்.

இவற்றைப் பூ விரிந்து சில நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும். காய் பருப்பதற்காகத் தாரின் நுனியில் தொங்கும் ஆண் பூமொட்டை வெட்டும் வழக்கம் உள்ளவர்கள், வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைப்பது அவசியம்.

பரவலாக வளர்க்கப்படும் வகைகளை எப்படி வேறுபடுத்துவது?

செவ்வாழையில் குழப்பமே இல்லை. தண்டு, இலைக்காம்பு, நடுநரம்பு, காய் எல்லாமே செம்மை கலந்த ஊதா நிறம் கொண்டவை. இது ஏஏஏ குழுவைச் சேர்ந்தது. மற்றவற்றைவிட நீண்ட காலம் எடுத்துக்கொள்ளும், தார் முற்றுவதற்கு ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். இந்தச் செந்நிறம் சில சமயம் திடீர் மாற்றத்தால் மறைந்து, பச்சைக் காய் தரும் கன்று செவ்வாழைக் குத்திலிருந்தே பிறக்கும். அது ஏமாற்று அல்ல, நோயும் அல்ல. பழம் ஏறக்குறைய அதே இயல்புடன்தான் இருக்கும்.

பூவன் ஏஏபி குழுவைச் சேர்ந்தது. உயரமாக, வலுவாக வளர்ந்து, நெருக்கமான பல சீப்புகள் கொண்ட தாரைத் தரும். இளம் இலையின் நடுநரம்பில் வெளிப்புறமாகத் தெரியும் மெல்லிய ரோஜா நிறச் சாயலும், காயின் நுனியில் முலைக்காம்பு போல் நீண்ட மூக்கும், பழத்தின் லேசான புளிப்பும் சேர்ந்து இதைக் காட்டிக்கொடுக்கும்.

ரஸ்தாளியும் ஏஏபிதான், ஆனால் தோற்றம் வேறு. மஞ்சள் கலந்த பச்சைத் தண்டில் பழுப்புத் திட்டுகள், இலைக்காம்பின் ஓரங்களிலும் மட்டை ஓரங்களிலும் செந்நிறக் கோடு, முழுக்க மூடிய காம்பு வாய்க்கால், வெளிர் இளஞ்சிவப்பு மடல் ஆகிய நான்கும் ஒருங்கே இருந்தால் பூ வந்த அன்றே ரஸ்தாளி என்று சொல்லிவிடலாம். பழத்தினுள் கல் போன்ற கட்டிகள் விழுவதும், வாடல் நோய்க்கு எளிதில் ஆளாவதும் இதன் குறைகள்.

நேந்திரன் ஏஏபி குழுவில் பிளான்டெயின் எனப்படும் கிளையைச் சேர்ந்தது. ஐந்தாறு சீப்புகளே இருக்கும். காய் நீண்டு, விளிம்புகள் தெரியும்படி கோணலாக, தெளிவான கழுத்தும் தடித்த தோலும் கொண்டிருக்கும். சதை ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

மொந்தனும் கற்பூரவல்லியும் ஏபிபி. இரண்டிலும் வெளிர் பச்சைத் தண்டு, சாம்பல் பூச்சு, மழுங்கிய மடல் என்று பால்பிசியானாவின் சாயல் தூக்கலாக இருக்கும். பிரிப்பது காயில்தான்: மொந்தன் காய் பருத்து, கணு விழுந்தது போல் விளிம்புகள் புடைத்து, தடித்த தோலுடன் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், கற்பூரவல்லிக் காய் நடுத்தர அளவில், சாம்பல் படர்ந்து, நெருக்கமான சீப்புகளில் ஏராளமாக இருக்கும். கற்பூரவல்லி அருகே மகரந்தம் தரும் விதை வாழை இருந்தால் அதன் பழத்தில் கறுத்த விதைகள் தென்படுவதுண்டு.

ஏலக்கி ஏபி குழு. ஒல்லியான தண்டு, சிறிய காய், மெல்லிய தோல். மட்டி ஏஏ குழு. இதுவும் சிறிய காய்தான், ஆனால் காம்பு வாய்க்கால் விரிந்திருக்கும் என்பதால் ஏலக்கியிலிருந்து பிரிக்கலாம்.

கேவண்டிஷ், ரொபஸ்டா, கிராண்ட் நைன் எல்லாம் ஒன்றா?

இவை ஒரே குடும்பம். ஏஏஏ குழுவில் கேவண்டிஷ் என்னும் கிளையைச் சேர்ந்தவை. 1830-களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் தோட்டக் கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் வளர்த்த வாழைக்கு, மாளிகையின் உரிமையாளரான டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷின் குடும்பப் பெயர் இடப்பட்டது. இந்தக் கிளையின் உறுப்பினர்கள் மரபில் மிக நெருங்கியவை. உயரமே முதன்மையான வேறுபாடு. குட்டைக் கேவண்டிஷ் ஏறக்குறைய 2 மீட்டரில் நின்றுவிடும். இலைகள் குட்டையாக, அகலமாக, ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கியிருக்கும். இதில் ஆண் பூக்களும் காய்ந்த மடல்களும் உதிராமல் காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது சிறந்த அடையாளம். கிராண்ட் நைன் நடுத்தர உயரம். ரொபஸ்டா அதைவிடச் சற்று உயரம். நிழலிலும் நெருக்கத்திலும் எந்த வாழையும் தன் இயல்பைவிட நெட்டையாக வளரும் என்பதால், உயரத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்துப் பெயரிடுவது சரியாகாது.

வாழை என்று பெயர் இருந்தும் வாழை அல்லாதவை எவை?

கல்வாழை என்ற பெயரில் வண்ணப் பூக்களுக்காக வளர்க்கப்படுவது கன்னா என்னும் வேறு குடும்பத் தாவரம். விசிறி வாழையின் இலைகள் இரு பக்கமும் விசிறி போல ஒரே தளத்தில் அடுக்கியிருக்கும். அது மடகாஸ்கரைச் சேர்ந்த ராவெனாலா. ஹெலிகோனியாவின் இலை வாழையிலை போலவே இருந்தாலும், பளிச்சென்ற மடல்கள் கொண்ட பூங்கொத்து அதை வேறுபடுத்தும்.

என்செட்டு மட்டும் வாழைக் குடும்பத்துக்கு உள்ளேயே இருக்கும் உறவு. தண்டின் அடி குடம் போல் பருத்திருக்கும். பக்கக்கன்று இயல்பாக வராது. பூத்துக் காய்த்ததும் முழுத் தாவரமும் மடிந்துவிடும். மூன்று நான்கு ஆண்டுகளாகக் கன்று ஒன்றுகூட வைக்காத வாழை உங்களிடம் இருந்தால் முதலில் இதை ஐயப்படுங்கள்.

வீட்டுக்கு எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

இடம், காற்று, குளிர் என்ற வரிசையில் யோசியுங்கள். காற்று வீசும் இடத்தில் நெட்டை வகைகள் தாரின் பாரத்தோடு சாய்ந்துவிடும். அங்கே குட்டைக் கேவண்டிஷ் ஏற்றது. தண்ணீர் குறைவான, மண் சற்று உவர்ப்பான இடத்தில் கற்பூரவல்லி போன்ற ஏபிபி வகைகள் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும், ஏனெனில் வறட்சியைத் தாங்கும் குணம் பால்பிசியானா வழி வந்தது. உறைபனி விழும் நாடுகளில் இருப்பவர்களுக்கு மூசா பாஸ்ஜூ ஒன்றே நம்பத்தக்கது; குளிர்காலத்தில் மேற்பகுதி கருகினாலும் தடித்த மூடாக்கின் கீழ் கிழங்கு பிழைத்து அடுத்த பருவத்தில் துளிர்க்கும். ஆனால் அதன் பழம் உண்ணத் தக்கதன்று. அழகுக்காக மட்டும் வேண்டுமெனில் மூசா வெலுட்டினா சிறியது. இளஞ்சிவப்பு நிறத்தில் மென்மயிர் படர்ந்த அதன் பழங்கள் முற்றியதும் தோலைத் தாமே உரித்துக்கொள்ளும்.

விதையிலிருந்து வளர்க்கலாமா?

காட்டு இனங்களையும் வெலுட்டினா போன்ற அலங்கார வகைகளையும் வளர்க்கலாம். விதை கறுத்து, மிகக் கடினமாக இருக்கும். ஊறவைத்து, வெதுவெதுப்பான ஈர மண்ணில் வைத்து, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பநிலை ஏறி இறங்குவது பல காட்டு இனங்களின் முளைப்புக்கு உதவும்.

கேவண்டிஷ், செவ்வாழை முதலியவற்றுக்கு 'விதை' விற்கப்பட்டால் வாங்காதீர்கள். அவற்றுக்கு நடத்தக்க விதை இல்லை. பளிச்சென்ற நீல நிறத்தில் பழுக்கும் வாழையின் விதை என்று இணையத்தில் விற்கப்படுவதும் அப்படியே. புளூ ஜாவா என்று ஒரு வகை உண்மையில் உண்டு, ஆனால் அதன் காய் மேலுள்ள மெழுகால் வெள்ளி கலந்த நீலமாகத் தோன்றுமே தவிர, பழுக்கும்போது மஞ்சளாகிவிடும். அதுவும் கன்றால்தான் பெருகும்.

எந்தக் கன்றை நடுவது நல்லது?

பக்கக்கன்றுகளில் இரண்டு விதம் உண்டு. ஈட்டிக்கன்று அடி பருத்து, மேலே ஒடுங்கி, வாள் போன்ற குறுகிய இலைகளுடன் நிற்கும். தாய்க்கிழங்கோடு ஆழமாக இணைந்து வளமாகத் தொடங்கியது அது. நீர்க்கன்று சிறு வயதிலேயே அகன்ற இலைகளை விரித்திருக்கும். பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் அதன் கிழங்கு நலிவானது. நடுவதற்கு ஈட்டிக்கன்றையே தேர்ந்தெடுங்கள், கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையில் இருப்பது நல்லது. வேர்களையும் மேல்தோலையும் சீவிப் பாருங்கள். துளைகளோ கறுத்த பகுதிகளோ இருந்தால் அது கூன்வண்டின் அல்லது நூற்புழுவின் வேலை, அந்தக் கன்று வேண்டாம்.

திசு வளர்ப்புக் கன்று நோயின்றித் தொடங்குவதும் ஒரே சீராக வளர்வதும் அதன் பெரிய நன்மைகள். ஆனால் முதல் சில வாரங்கள் அது குழந்தையைப் போல. நேரடி வெயிலில் ஒரேயடியாக வைக்காமல் படிப்படியாகப் பழக்க வேண்டும். மிகச் சிறு விழுக்காட்டுக் கன்றுகள் ஆய்வகத்தில் பெருகும்போதே மாறிவிடுவதும் உண்டு. அவை இயல்புக்கு மாறாகக் குள்ளமாகவோ, இலை சிதைந்தோ வளரும்.

எப்படி நடுவது? தொட்டியில் வளருமா?

நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர் உள்ள குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி நடலாம். நீர் தேங்காத, மக்கு நிறைந்த மண் தேவை. கார அமில நிலை 5.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. குட்டை வகைகளுக்கு ஏறக்குறைய 2 மீட்டரும் நெட்டை வகைகளுக்கு இரண்டரை முதல் 3 மீட்டரும் இடைவெளி விடுங்கள். நாள் முழுதும் வெயில் படும் இடமே சிறந்தது.

தொட்டியில் குட்டைக் கேவண்டிஷ் வளரும், தாரும் போடும். ஆனால் கொள்கலன் 50 லிட்டருக்குக் குறையக் கூடாது, பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. தொட்டி மண் விரைவில் காய்ந்து, உரமும் விரைவில் கரைந்து போய்விடுவதால், நிலத்து வாழையைவிடத் தொட்டி வாழைக்குக் கவனம் இரட்டிப்பாகத் தேவைப்படும்.

தண்ணீரும் உரமும் எவ்வளவு?

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஒருபோதும் சேறாக இருக்கக் கூடாது. வாழையின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் காய்ந்த சருகுகளையும் வெட்டிய மட்டைகளையும் அடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்புவது தண்ணீரை மிச்சப்படுத்தும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள்.

சத்துகளில் வாழை மிக அதிகமாக எடுப்பது சாம்பல் சத்தை (பொட்டாசியம்); அடுத்தது தழைச்சத்து (நைட்ரஜன்). பெரிய அளவில் ஒரே முறை போடுவதைவிடச் சிறு அளவில் மாதந்தோறும் போடுவது நல்லது. பழைய இலைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி நுனியிலிருந்து சுருண்டு காய்ந்தால் சாம்பல் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். இலைகள் எல்லாமே வெளிறி, காம்பில் செந்நிறச் சாயல் ஏறினால் தழைச்சத்துக் குறைவு. இந்தச் செந்நிறத்தை வகையின் அடையாளம் என்று எண்ணிப் பலர் தவறான பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். உரமிட்ட பின் வரும் புதிய இலையிலும் அது தொடர்கிறதா என்று பார்த்த பிறகே அதைக் கணக்கில் எடுங்கள்.

பக்கக்கன்றுகளை என்ன செய்வது?

தாய் வாழை பூக்கும்வரை கன்றுகளை அவ்வப்போது தரையோடு அறுத்துவிடுங்கள். பூத்த பிறகு நல்ல ஈட்டிக்கன்று ஒன்றை மட்டும் மறுதாம்புக்காக, அதாவது அடுத்த தாருக்காக, விடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் அடர்ந்த குத்து கிடைக்கும், நல்ல தார் கிடைக்காது.

தார் எப்போது வரும், எப்போது வெட்டுவது?

வெப்பமான சூழலில், வகையைப் பொறுத்து, நட்டதிலிருந்து அறுவடை வரை 10 முதல் 18 மாதங்கள் ஆகும். நாள்களைவிட இலைகளை எண்ணுவது சரியான கணக்கு: பெரும்பாலான வாழைகள் 30 முதல் 40 இலைகள் விட்ட பிறகே பூக்கின்றன. ஏறக்குறைய 27 டிகிரி வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை வரும். 15 டிகிரியை ஒட்டி வளர்ச்சியே நின்றுவிடும். குளிர்காலம் நீண்ட ஊரில் தார் தாமதமாவதற்கு உங்கள் பராமரிப்பு காரணமல்ல.

வழக்கத்தைவிடக் குட்டையான, நிமிர்ந்த இலை ஒன்று வெளிவந்தால் பூ பின்னாலேயே வருகிறது என்று பொருள். உடனே முட்டுக் கொடுக்கத் தயாராகுங்கள். பூ வந்த மூன்று நான்கு மாதங்களில், காயின் விளிம்புகள் உருண்டு பருத்ததும் வெட்டலாம். நேந்திரன், மொந்தன் போன்றவற்றில் விளிம்பு முற்றாக மறையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எந்த நோய்களுக்கு அஞ்ச வேண்டும்?

இரண்டுக்கு. முதலாவது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் விட்டுவிட்டுத் தெரியும். இது வாழை அசுவினி பரப்பும் நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. அசுவினியை முதலில் அழித்துவிட்டு, கிழங்கும் கன்றுகளும் உட்பட முழுக்குத்தையும் அகற்ற வேண்டும். ஒரு கன்றையாவது காப்பாற்றலாமே என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் அந்தக் கன்றிலும் நோய் இருக்கும்.

இரண்டாவது பனாமா வாடல் நோய். பழைய இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பில் ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடி வெடிக்கலாம். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். ஃபியூசேரியம் என்னும் இந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை இதனால்தான் இடம் இழந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷையும் இப்போது டிஆர்4 எனப்படும் புதிய வடிவம் தாக்குகிறது. தெரியாத தோட்டத்திலிருந்து மண்ணோடு கன்று கொண்டு வராமல் இருப்பதே வீட்டளவில் நம்மால் முடிந்த காப்பு.

இலைப்புள்ளி நோயில் பழுப்புக் கீற்றுகள் விரியும்; தாக்கிய இலைப்பகுதியை நீக்கிக் காற்றோட்டம் தந்தால் வீட்டு வாழை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

வகையைக் கண்டுபிடிக்கப் பிறரிடம் உதவி கேட்டால் என்ன தகவல் தர வேண்டும்?

முழு வாழையின் ஒரு படம் மட்டும் போதாது. அருகில் ஓர் அளவுகோல் தெரியும்படி எடுத்த தண்டின் அடிப்பகுதி, மூன்றாவது இலைக்காம்பின் குறுக்குவெட்டு, காம்பு தண்டோடு சேரும் இடம், இலையின் அடிப்புறம், விரிந்த பூமடலின் உள்ளும் புறமும், ஆண் பூ, காம்பில் மடல் உதிர்ந்த பகுதி, முழுத் தார், தனிக் காயின் நுனியும் கழுத்தும், பழத்தின் குறுக்குவெட்டு ஆகியவற்றைத் தனித்தனியாகப் படம் எடுங்கள். அவற்றோடு நட்ட நாள், பூ வந்த நாள், அறுவடை நாள், பூக்கும்போது தண்டின் உயரமும் அடிச் சுற்றளவும், சீப்புகளின் எண்ணிக்கை, கன்று என்ன பெயரில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். முதல் தாரில் அடையாளங்கள் முழுமையாக வெளிப்படாமல் போகலாம். மறுதாம்பின் தாரையும் பார்த்து, இரண்டின் குறிப்புகளும் ஒத்துப்போனால் மட்டுமே பெயர்ப்பலகையை நடுங்கள்.